டாவோவில் உங்கள் மகளுக்குத் தண்ணீர் கேன் தூக்கித் தந்த பையன்கள் யார்?

அக்கா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகள் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். அவள் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இரண்டு அமெரிக்கப் பையன்கள் தண்ணீர் கேனை மாடி வரை தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மீசை முளைக்காத முகம், ஆனால் நெஞ்சில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில் ‘எல்டர்’, அதாவது மூப்பர். இன்னொரு நாள் வந்து பேசலாமா என்று கேட்டார்கள், போகும்போது தமிழில் தேங்க்யூவுக்கு என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டார்கள். ‘மார்மன்களாம், இவர்கள் வாரம் முழுக்க என்னதான் செய்வார்கள், யார் காசு கொடுக்கிறார்கள்’ என்பது நீங்கள் எழுதியிருப்பது. எழுதாமல் விட்டது, என் மகளுக்கு இவர்களால் தொந்தரவு வருமா என்பது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே வரும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நானும் அந்தப் பட்டையைக் குத்திக்கொண்டு சுற்றியவன்தான். 2009இல் சென்னையிலிருந்து கிளம்பி இரண்டு வருஷம் பிலிப்பைன்ஸில் இருந்தேன், பெரும்பாலும் லகுனா மாகாணத்தில். திரும்பி வந்த பிறகு, எங்கள் சபையிலிருந்து ஊழியத்துக்கு, அதாவது மதத்தைப் பரப்பும் வேலைக்கு, போகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் பத்து வருஷத்துக்கு மேலாகத் தயாரிப்பு வகுப்பு எடுக்கிறேன். இன்றும் ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனைக்குப் போகிறவன், அதனால் என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நான் வாழ்ந்து பார்த்தது பிலிப்பைன்ஸ் மட்டும். விதிமுறைகள் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், ஆனால் ஜெர்மனியில் பனியில் நிற்கிற பையனின் வாரமும் லகுனாவில் மழையில் நனைகிற பையனின் வாரமும் ஒரே மாதிரி இருக்காது.

மார்மன் என்பது ஊரார் வைத்த பெயர். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018இல் அப்போதைய தலைவர், இனி முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார், ஆனால் தெருவில் இன்னும் மார்மன்தான். ஜோசப் ஸ்மித் என்பவர் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது, இன்றைக்குத் தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. நாலைந்து பெண்டாட்டி கட்டுகிறவர்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கம் உண்மையாகவே இருந்தது, 1890இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள், இன்று அப்படிச் செய்தால் சபையை விட்டு நீக்கிவிடுவார்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மற்ற கிறிஸ்தவ சபைகள் பலவும் எங்களைத் தங்களில் ஒருவராகச் சேர்ப்பதில்லை. எங்கள் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கான் முறையாகவே அறிவித்துவிட்டது. உங்கள் மகள் இருப்பது கத்தோலிக்க நாடு என்பதால் அக்கம்பக்கத்தில் இதைப் பற்றிச் சூடாகவே பேசுவார்கள்.

ஊழியம் ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். முன்பு ஆண்கள் 19 வயதிலும் பெண்கள் 21 வயதிலும்தான் போக முடியும், 2012 அக்டோபரில் அதை 18, 19 என்று குறைத்தார்கள், 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆக்கினார்கள், அதனால்தான் இப்போது பார்க்கிற முகங்கள் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன. எந்த நாட்டுக்கு என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் கடிதம் வரும், அதில் இருக்கிற ஊருக்குப் போக வேண்டும். உலகம் முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேல் ஊழியக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, ஆளைச் சேர்த்தால் கமிஷனும் கிடையாது, இதை அடித்துச் சொல்வேன். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்கள் மாதம் 400 டாலர் சொந்தக் காசில் கட்டி வந்தார்கள், 2020 ஜூலையிலிருந்து அது 500 டாலர். கனடாவோ கம்போடியாவோ, எங்கே போனாலும் அதே தொகை. பதினைந்து வயதிலிருந்தே புல் வெட்டியும் பீட்சா கடையில் நின்றும் சேர்த்த காசாக அது பல நேரம் இருக்கும். என்னைப் போல வசதி குறைந்த நாட்டிலிருந்து போகிறவர்கள் முடிந்ததைக் கட்டுவோம், மீதியைச் சபையின் பொது நிதி ஏற்கும். வாடகையைச் சபை கொடுத்துவிடும், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை வரும், மூன்றாவது வாரத்தில் முட்டையும் சோறும்தான்.

சரி, வாரம். எங்களுக்கு வாரம் தொடங்குவது திங்கட்கிழமை, அது ‘தயாரிப்பு நாள்’. துணி துவைக்க, முடி வெட்ட, மார்க்கெட் போக, வீட்டுக்கு எழுத என்று வாரத்தில் கிடைக்கிற ஒரே பகல். காலையில் பெரிய பேசினில் சோப்புக் கட்டியைத் தேய்த்து ஆறு வெள்ளைச் சட்டையையும் துவைத்துப் போட்டால் மழை வந்துவிடும். கூட இருந்த பையன் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவன், வாஷிங் மெஷினைத் தவிர எதையும் பார்த்ததில்லை, காலரைக் கையால் கசக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து மக்கில் மொண்டு ஊற்றிக் குளிப்பதையும் அவன் முதல் வாரம் பெரிய வித்தையாகப் பார்த்தான். அப்புறம் இன்டர்நெட் கடை. அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை ஈமெயில், அவ்வளவுதான். பக்கத்து கம்ப்யூட்டரில் பள்ளிக்கூடப் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடிக் கத்திக்கொண்டிருப்பார்கள், நான் அம்மாவுக்கு எழுத உட்கார்ந்திருப்பேன், பாதியில் கரண்ட் போகும். போன் வருஷத்துக்கு இரண்டு முறைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியில் இது மாறியது, இப்போது வாரா வாரம் வீட்டாரோடு போனிலோ வீடியோவிலோ பேசலாம். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த செய்தி எனக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. பையன் கவலைப்படுவானே என்று வீட்டில் மறைத்தார்கள், வாரம் ஒரு கடிதத்தில் மறைப்பது எளிது. திங்கட்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு விடுமுறை முடிந்துவிடும், டையைக் கட்டிக்கொண்டு மறுபடி தெருவுக்கு.

செவ்வாய் காலையில் சுற்றுவட்டார ஊழியக்காரர்கள் ஏழெட்டு பேர் கூடுவோம். ஒருவர் வீட்டுக்காரர், இருவர் வாசலில் நிற்பவர் என்று நடித்துப் பழகுவோம், ஒருவருக்கொருவர் தப்பு சொல்லிக்கொள்வோம், மதியம் கலைந்துவிடுவோம்.

ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்றால், காலை 6.30க்கு எழுந்தாக வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், கடைத்தெருவில் வாங்கிய சுடச்சுட பான்டெசால் ரொட்டி. எட்டு மணிக்குத் தனியாகப் படிப்பு, ஒன்பது மணிக்குத் துணையோடு சேர்ந்து படிப்பு, பத்து மணிக்கு வெளியே கிளம்ப வேண்டும், புது மொழிக்காரர்களுக்கு அதற்கென்று கூடுதலாக ஒரு மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கு, பாடம் நடந்துகொண்டிருந்தால் ஒன்பதரைக்கு, வீட்டுக்குள் இருக்க வேண்டும். மறுநாளைக்குத் திட்டம் எழுதிவிட்டுப் பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017இலிருந்து இந்த நேரங்களில் கொஞ்சம் நெகிழ்வு கொடுத்திருக்கிறார்கள், எலும்புக்கூடு அதேதான். டிவி, சினிமா, சினிமாப் பாட்டு, காதல், எதுவும் கிடையாது. டீ, காபி, மது, புகையிலை எந்த உறுப்பினருக்கும் கிடையாது. காபி மணத்தில் கண் விழிக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நீட்டுவது பாக்கெட்டைக் கிழித்துக் கலக்கிய இன்ஸ்டன்ட் காபிதான், அவர்கள் மனம் நோகாமல் மறுப்பதற்குத் தனியாக ஒரு வாக்கியமே பழகி வைத்திருந்தேன்.

பத்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. நடக்கிறோம், அக்கா. பெரும்பாலும் நடை, அப்புறம் காத்திருப்பு. பதினோரு மணி நேரத்தில் உட்கார்ந்து ஒருவருக்குப் பாடம் சொல்வது நல்ல நாளில் மூன்று நாலு மணி நேரம், சுமாரான நாளில் நாற்பது நிமிஷம். நான் அதிகம் இருந்த ஊர் சான் பாப்லோ, ஏழு ஏரிகள் உள்ள ஊர், சுற்றிலும் தென்னந்தோப்பு. முக்கிய சாலை வரை ஜீப்னி என்கிற ஊர் வேன், அதற்கப்புறம் தோப்புக்குள் சேற்றுப் பாதை. அங்கே கதவைத் தட்டும் பழக்கம் இல்லை, வேலிக்கு வெளியே நின்று ‘தாவ் போ’ என்று குரல் கொடுக்க வேண்டும். ‘தாவ்’ என்றால் மனிதர், ‘போ’ மரியாதைக்குச் சேர்ப்பது. மனுஷன் வந்திருக்கிறேன், அவ்வளவுதான் அர்த்தம். பேயில்லை என்று தெரிவிக்கத்தான் அப்படிக் கூப்பிடுவது என்று ஒரு பாட்டி விளக்கம் சொன்னாள், அது சரியான காரணமோ இல்லையோ எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போனது.

வெள்ளைக்காரத் துணையைப் பார்த்தால் குழந்தைகள் ‘ஹே ஜோ’ என்று கத்திக்கொண்டு ஓடி வரும். என்னைப் பார்த்தால் கதை வேறு. அங்கே இந்தியர்களை ‘பும்பாய்’ என்பார்கள், பும்பாய் என்றாலே அவர்களுக்கு நினைவு வருவது மோட்டார் சைக்கிளில் வந்து வட்டி வசூலிக்கும் பஞ்சாபிக்காரர்கள். ஐந்து கொடுத்து ஆறு வாங்குவதால் அந்தத் தொழிலுக்கே ‘ஃபைவ் சிக்ஸ்’ என்று பெயர். நான் வேலியோரம் நின்று குரல் கொடுத்ததும் உள்ளே ரேடியோ நின்றுபோகும், ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும், ஒரு சின்னப் பிள்ளை வெளியே வந்து அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லும். முதல் மாதம் இது புரியாமல் ராத்திரி அழுதிருக்கிறேன், மதத்தினால் வெறுக்கிறார்கள் என்று நினைத்து. கடைசியில் ஒரு மளிகைக் கடைக்காரம்மாதான் விஷயத்தைச் சொன்னார். அதற்குப் பிறகு குரல் கொடுத்ததுமே ‘நான் வசூலுக்கு வரவில்லை’ என்று அந்த ஊர் மொழியான தகாலோக்கில் சேர்த்துச் சொல்வேன், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும், கதவு திறக்கும். உள்ளே போனால் கருவாடு வறுக்கிற வாசனை, மூலையில் அரிசிப் பானை, சுவரில் குழந்தை இயேசு. நம் வீடு மாதிரியே இருக்கும். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நாளைக்கு வாருங்கள் என்பார்கள், நாளைக்குப் போனால் இருக்க மாட்டார்கள். தெருமுனையில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த லம்பனோக்கை ஒரே கிளாஸில் சுற்றிச் சுற்றிக் குடிப்பார்கள், எங்களையும் கூப்பிடுவார்கள், நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர வேண்டும், இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு.

எல்லா நேரமும் பாடம் சொல்வதும் இல்லை. வாரத்தில் சில மணி நேரம் வெறும் கைவேலை. தேங்காய் உரிப்பது, சிமென்ட் கலப்பது, மழையில் சரிந்த கூரைத் தகரத்தை ஏற்றுவது. உங்கள் மகளுக்குக் கேன் தூக்கிக் கொடுத்தது அந்த வகை. அது நடிப்பா என்று நீங்கள் யோசிக்கலாம். உதவி செய்கிற பழக்கம் உண்மை, அதன் வழியாகப் பேச்சுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்காதா என்ற எதிர்பார்ப்பும் உண்மை. பத்தொன்பது வயசில் எனக்கே இரண்டையும் பிரிக்கத் தெரிந்ததில்லை. வியாழன் அல்லது வெள்ளியில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, யார் யாரைப் பார்த்தோம், அடுத்த வாரம் யாரைப் பார்ப்பது என்று ஒவ்வொரு பெயராக எடுத்துப் பேசுவோம். எங்கள் காலத்தில் அது ஒரு தடித்த ஃபைல், இப்போது போனில் ஒரு செயலி.

அந்த உட்காரலின் கடைசியில் இன்னொன்று உண்டு. துணைவரும் நானும் ஒருவர் மீது ஒருவருக்கு இருக்கிற குறையை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஊழியத்தில் எது கஷ்டம் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் வெயில், மொழி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். துணையை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அந்தப் பகுதியின் தலைவர் முடிவு செய்வார். குளியலறை தவிர இருபத்துநாலு மணி நேரமும் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றம் அறிவிப்பார்கள், அதுவரை நல்லவனோ கெட்டவனோ அவன்தான். ஒரு துணையோடு எனக்கு மின்விசிறி எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்து ஒன்பது நாள் பேச்சே இல்லாமல் போனது. அன்பைப் பற்றி அடுத்த வீட்டில் பாடம் சொல்லிவிட்டு வெளியே வந்து இரண்டு பேரும் பத்தடி இடைவெளியில் நடப்போம். தப்பு என் பேரில்தான் அதிகம், அதை ஒப்புக்கொள்ள எனக்கு அந்த ஒன்பது நாளும் தேவைப்பட்டது. சில பையன்களுக்கு இந்த நெருக்கம் தாங்காது, வீட்டு ஏக்கமும் மனச்சோர்வும் சேர்ந்து பாதியில் திரும்பி வருவார்கள். அப்படித் திரும்பியவர்களைச் சபையார் சிலர் பார்க்கிற பார்வை எனக்கு அறவே பிடிக்காது. என் வகுப்பில் அந்தப் பேச்சுக்கு இடமே கொடுப்பதில்லை.

சனிக்கிழமை ஞானஸ்நானம் இருந்தால் அந்த வாரமே அதற்காகத்தான் என்று தோன்றும். எங்கள் முறையில் தலை முதல் கால் வரை முழுதாக மூழ்க வேண்டும், ஒரு விரல் நுனி மேலே தெரிந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். சான் பாப்லோவில் ஒரு முறை அறுபத்திரண்டு வயதுப் பாட்டி ஒருவருக்குத் தேதி குறித்தோம். தொட்டியை நிரப்பக் காலை எட்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் பென்சில் தடிமனுக்குத்தான் தண்ணீர் வருகிறது, மத்தியானம் மூன்று மணிக்கு முழங்காலைக்கூடத் தொடவில்லை. அக்கம்பக்கத்தார், அதில் பாதிப் பேர் எங்கள் சபையை ஏற்காத கத்தோலிக்கர்கள், வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். முதல் முறை பாட்டியின் கால் மிதந்து மேலே வந்துவிட்டது. இரண்டாவது முறை எழுந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த மாதமே எனக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள் பாட்டி வருவதை நிறுத்திவிட்டார் என்று கடிதத்தில் தெரிந்துகொண்டேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஞானஸ்நானம் பெற்றவர்களில் நிறையப் பேர் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள், என் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்களிலேயே பாதிக்கு மேல் இப்போது வருவதில்லை. சில பகுதிகளில் எண்ணிக்கைக்காக அவசரப்படுத்தியது அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஞாயிறு காலை ஆராதனை. அப்போது மூன்று மணி நேரம், 2019 ஜனவரியிலிருந்து இரண்டு மணி நேரம். திருவிருந்துக்கு ரொட்டியும் தண்ணீரும், திராட்சரசம் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம், மிச்சமாகிற சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்குப் போகும். எனக்கு ஞாயிறு என்றால் நினைவு வருவது கேட்டருகில் நிற்பதுதான். வருகிறேன் என்று வாரம் முழுக்கச் சொன்னவர்கள் ஆறு பேர், முதல் பாட்டு தொடங்கும் வரை ட்ரைசைக்கிள் என்று அங்கே சொல்கிற ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்துக்கொண்டு நிற்போம். சாயந்திரம் எண்ணிக்கைகளை மேலே சொல்ல வேண்டும்: எத்தனை பாடம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்குத் தேதி. பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்கிற ஞாயிறுகள் உண்டு. மறுநாள் திங்கள், துணி துவைக்க வேண்டும்.

இப்போது உங்கள் மகள் விஷயம். உறுதியாகச் சொல்லக்கூடியது: பெண் தனியாக இருக்கிற அறைக்குள் அந்தப் பையன்கள் போகக் கூடாது, வயதுவந்த இன்னொருவர் கூட இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாசலோடு நின்றுவிட்டு அதே ஊரில் இருக்கிற பெண் ஊழியக்காரர்களிடம் ஒப்படைப்பார்கள். யாரோடும் காதல், டேட்டிங் கிடையாது, மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பணம் வசூலிக்கிற வேலை அவர்களுடையது இல்லை. உறுப்பினரானவர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுக்கிறார்கள், அதை ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஞானஸ்நானம் கிடையாது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டியவள் என்றால் முடிவு அவளுடையது, உங்களைக் கேட்க மாட்டார்கள், இதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியாதது, இந்தக் குறிப்பிட்ட இரண்டு பையன்கள் விதியை எவ்வளவு கறாராகப் பின்பற்றுகிறார்கள் என்பது. நானறிந்த வரையில் மீறல்கள் பெரும்பாலும் காலையில் கூடுதலாகத் தூங்குவது மாதிரிதான், ஆனால் பத்தொன்பது வயதுப் பையன்கள் பத்தொன்பது வயதுப் பையன்கள்தான். மகள் எப்போதும் கீழே வராந்தாவில், வீட்டுக்காரம்மாவோ தோழியோ கூட இருக்கப் பேசட்டும். அவர்களே அதைத்தான் விரும்புவார்கள்.

அவர்கள் வருவது நட்புக்காக மட்டும் இல்லை. பைபிளோடு நாங்கள் வேதமாக வைத்திருக்கிற மார்மன் புஸ்தகத்தைப் படி, ஜெபம் செய், ஞானஸ்நானம் பெறு என்று அழைப்பதற்காகத்தான் வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள், பட்டையைப் பார்த்தாலே தெரிகிற விஷயம் அது. விருப்பமில்லை என்றால் மகள் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இழுக்கக் கூடாது, அந்த நாளைக்குத்தான் அவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். நேராக, எனக்கு இதில் ஆர்வமில்லை, என் பெயரையும் நம்பரையும் உங்கள் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஒரே முறை சொன்னால் போதும். எடுக்கச் சொல்வது முக்கியம், ஏனென்றால் இந்தப் பையன்கள் மாற்றலாகிப் போன பிறகு அடுத்து வருகிற இருவர் அதே பட்டியலைப் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

இது புதிதாக முளைத்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1853இலேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஊழியக்காரர் நம் மதராஸுக்கு வந்து ஒரு வருஷம் அலைந்துவிட்டுப் போயிருக்கிறார், யூட்டாவில் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியை ஆரம்பித்தவர் அவர்தான். இங்கே கிடைத்த ஆட்கள் சொற்பம். அந்தக் காலத்தில் இரண்டு வருஷக் கணக்கும் கிடையாது, மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கையில் காசில்லாமல் கப்பலேறுவார்கள்.

கடைசியாக, அந்தத் ‘தேங்க்யூ’ விஷயம். நீங்கள் அதைக் கொஞ்சம் சந்தேகமாகக் கேட்டிருந்தீர்கள். புது ஊழியக்காரர்கள் பலர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள், கேட்கிற ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொள்வார்கள். டாவோவில் அவன் ஏற்கெனவே பிசாயா மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான், உங்கள் மகள் பேசுவது அதுவும் இல்லை, ஆங்கிலமும் இல்லை என்று காதில் விழுந்திருக்கும். என் நோட்டில் தகாலோக்குக்கு நடுவே ஒரு பக்கம் கொரிய மொழிச் சொற்கள் இருந்தன, சான் பாப்லோவில் பழக்கடையில் சந்தித்த ஒரு கொரியப் பாட்டி சொல்லிக்கொடுத்தது. அவருக்கு நான் ஒரு பாடமும் சொன்னதில்லை, அவருடைய பழக்கூடையை ஜீப்னி வரை தூக்கிக்கொண்டு போனேன், வழியில் ஏழு சொல் கற்றுக்கொண்டேன். ‘நன்றி’ என்று மகள் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். அந்த ‘ன்’னுக்கும் ‘றி’க்கும் அவன் நாக்கு வளையக் கொஞ்ச நாள் ஆகும்.